எலுமிச்சையை எடுக்கப் போன கை

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

தஞ்சாவூரில் ஒரு சந்துக்குள் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். தங்கத் தகடு ஒட்டிய சாமி படங்கள், கல்யாணப் போட்டோக்கள், செத்துப் போனவர்களின் போட்டோக்கள் எல்லாம் என்னிடம் வந்து நாலு மூலை வாங்கிக்கொண்டு போகும். மரத்தை நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்த்தால் ஒரு மூலை. அரை டிகிரி பிசகினால் போதும், கடைசி மூலை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இருபத்திரண்டு வருடம் கைரம்பத்தால் வெட்டினேன். தோள் தேய்ந்துபோய், போன புரட்டாசியில் ஒரு மைட்டர் சா வாங்கினேன். வட்டமான பிளேடு ஒரு கைப்பிடியோடு மேலே நிற்கும். கைப்பிடியை அமுக்கினால் நாம் வைத்த கோணத்தில் மரத்தின் மேல் இறங்கி, வெட்டிவிட்டு ஏறிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த எளிமைதான் எனக்குப் பிடித்திருந்தது, எட்டு வரியில் முடிந்துவிடும் கவிதை மாதிரி.

பெட்டியைப் பிரித்த அன்றே ஓட்டவில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். மேசையில் துளை போட்டு நாலு போல்ட்டால் இறுக்கினேன். இரண்டு பக்கமும் நீளச் சட்டம் தொங்காமல் கிடக்க, மெஷின் மட்டத்துக்கே பலகைத் தாங்கல் அடித்தேன். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் பிளேடைத் தொட்டேன். கட்டை சாய்ந்து நிற்க பின்னால் ஓர் இரும்புத் தடுப்பு இருக்கிறது. மூலைமட்டத்தை அதிலும் பிளேடிலும் வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். கோண முள் நாற்பத்தைந்து என்று காட்டுவதை நம்பாமல் வேண்டாத மரத்தில் நாலு துண்டு வெட்டிச் சேர்த்துப் பார்த்து, முள்ளைத் திருத்தினேன்.

பிளேடுக்கு ஒரு மூடி உண்டு. கார்டு என்பார்கள். பிளேடு பொருத்திய தலை இறங்கும்போது தானாக விலகும், ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும், கண்ணிமை மாதிரி. அதையும் பதினைந்து தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பதினைந்து தடவையும் மூடியது.

பிறகு சுவரில் சாக்பீஸால் எழுதினேன். கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி. சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போட்டு இறுக்கு, கை கூடாது. பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் இறக்க வேண்டும். வெட்டி முடித்ததும் சுவிட்சை விடு, தலையைக் கீழேயே பிடி, பிளேடு நிற்கட்டும், அப்புறம் தூக்கு.

எல்லாம் என் கையெழுத்து. எழுதியவனே படிக்காமல் விட்ட வரி அந்தக் கடைசி வரி.

வெள்ளிக்கிழமை பூஜை. இந்தப் பக்கம் புது மெஷினை அப்படியே ஓட்டிவிட மாட்டோம். லாரி வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. அறுப்பு மெஷின் வயலில் இறங்கினாலும் எலுமிச்சை. என் மெஷின் வெட்டுகிற மெஷின். அதன் முதல் வெட்டு எலுமிச்சையாகத்தானே இருக்க வேண்டும்? வெட்டிய இரண்டு பாதியிலும் குங்குமம் தடவி, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எறிய வேண்டும். கண்ணேறு போய்விடும்.

என் மனைவி மங்கை சாமந்தி மாலை கொண்டுவந்திருந்தாள். அவள் தம்பி சேகர் பாபநாசத்திலிருந்து வந்திருந்தான். அங்கே குத்தகைக்கு வயல் எடுத்துப் பயிர் செய்கிறவன், எதைச் சொன்னாலும் சிரிக்கிறவன். மங்கை பிளேடின் மூடிக்கு மூன்று பொட்டு வைத்து, மாலையை மெஷினின் தலையில் சுற்றினாள். மெஷின் மணப்பெண் மாதிரி இருந்தது. நான் போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோ இப்போதும் போனில் இருக்கிறது. மாலையின் வாழை நார், மூடியை ஏற்றி இறக்கும் நெம்புகோலில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருப்பது பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

"மாமா, மணி பத்து இருபத்தஞ்சு. பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும்" என்றான் சேகர்.

"வரட்டுமே, அதுக்கும் ஒரு பிரேம் போட்டுக் குடுக்கறேன்."

"ஏங்க, வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. சட்டுனு வெட்டுங்க" என்றாள் மங்கை.

உருளும் பொருளைக் கையால் பிடித்து வெட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எலுமிச்சைக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு அண்டக் கொடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினேன். கண்ணாடி மாட்டினேன். காது அடைப்பும் மாட்டினேன். பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு. பிளேடு இறங்கியது, எலுமிச்சை இரண்டாகியது, சாறு முகத்தில் தெறித்தது. சேகர் கைதட்டுவது தெரிந்தது. மங்கை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

சுவிட்சை விட்டேன். தலையைப் பாதி தூக்கினேன். ஒரு பாதி நழுவித் தடுப்போரம் ஒட்டிக் கிடந்தது. இடது கையை நீட்டி எடுத்தேன்.

சுவிட்சை விட்டாலும் பிளேடு சில நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மூடி வந்து மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூடியை மாலை பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றும் சத்தம் கேட்டிருந்தால் கை நின்றிருக்கும். காதை நானே அடைத்து வைத்திருந்தேன். வேகமாகச் சுற்றும் பிளேடு நின்றுபோன மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும், பளபளவென்று, அசையாமல்.

வலிக்கவில்லை. யாரோ விரலைப் பிடித்து லேசாக இழுத்தது போல இருந்தது. எலுமிச்சையைப் பார்த்தேன். இன்னும் குங்குமம் தடவவில்லையே, எப்படிச் சிவந்தது என்று யோசித்தேன். அதற்கு அப்புறம்தான் கட்டைவிரல் கையில் இல்லை என்று தெரிந்தது.

சேகர் துண்டால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். அவன் சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். மங்கை அலறவில்லை. குனிந்து மரத்தூளுக்குள் தேடினாள். கிடைத்ததும் கைக்குட்டையைக் குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பூ வந்த பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்தாள். எதிர் ஜூஸ் கடைக்காரர் ஐஸை அள்ளிக்கொண்டு ஓடிவந்து, "இதுக்குள்ள போடுங்க, போடுங்க" என்றார். அவள் பையைப் பிரிக்கவே இல்லை. முடிந்த பையோடு ஐஸ் டப்பாவில் வைத்தாள்.

மருத்துவமனையில் கை அறுவை டாக்டர் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை.

"நேரா ஐஸ்ல போடாம கொண்டுவரணும்னு யாரும்மா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல டாக்டர். மீன்ல நேரா ஐஸ் பட்டா சதை வெளுத்துடும். அதான்."

டாக்டர் மங்கையைப் பார்த்தார். "இதனாலதான் நான் முயற்சியே பண்ணப் போறேன்" என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு நாற்காலி வரிசை, ஒரு மீன் தொட்டி, சுவரில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம். அதன் சட்டத்தில் கீழ் வலது மூலை சேரவில்லை. எவனோ அவசரத்தில் வெட்டியது. ஸ்கேன், ரத்தம், எக்ஸ்ரே என்று என்னைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த மூலை கண்ணில் பட்டது. பில் கவுன்டரில் சேகர் நின்றிருந்தான். எவ்வளவு என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எலும்பை ஒரு மெல்லிய கம்பியால் கோப்பார்கள். தசைநாரைத் தைப்பார்கள். பிறகு நுண்ணோக்கிக்கு அடியில், தலைமயிரைவிட மெல்லிய நூலால், ரத்தம் கொண்டுவரும் தமனி, கொண்டுபோகும் சிரை, தொட்டதைச் சொல்லும் நரம்பு. ஏழு மணி நேரம் ஆகலாம்.

"ஒட்டிடுமா டாக்டர்?"

"தைக்கறது என் வேலை. உயிரோட இருக்கறது அது இஷ்டம்."

கண் விழித்தபோது என் கை ஒரு தலையணைக் குவியலின் மேல், எனக்குச் சம்பந்தமில்லாத விருந்தாளி போல உட்கார்ந்திருந்தது. கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும். ரோஜா நிறம். மங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அறையில் ஏ.சி. போட மாட்டார்கள். குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். காப்பி கூடாது, டீ கூடாது, அதுவும் அதற்குத்தான். மணிக்கொரு முறை சீர்காழிக்கார சிஸ்டர் வந்து விரல் நுனியை அமுக்கி, விட்டு, நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்ப்பார். வெளுத்துப்போனால் உள்ளே ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்தால் வந்த ரத்தம் வெளியே போகவில்லை. நான் ஆயுள் முழுவதும் நிறத்தோடு புழங்கியவன். பச்சையில் எத்தனை பச்சை என்று கேட்டால் சொல்வேன். அந்த வாரம் உலகத்தில் மூன்றே நிறம்தான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே சம்பா நட்ட வயல். மழை பிடித்துக்கொண்டது. நட்ட நாற்றின் தலை மட்டும் தெரிய, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் சிஸ்டர் விரலை அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார். வெளியே போனார். அவர் செருப்புச் சத்தம் நடையில் ஆரம்பித்து ஓட்டத்தில் முடிந்தது.

விரல் நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊசியால் குத்தினார்கள். வந்த ரத்தம் கறுப்பாக, சோம்பலாக இருந்தது.

"சிரை அடைச்சிருக்கு. ரத்தம் உள்ள போகுது, திரும்ப வழி இல்ல" என்றார் டாக்டர்.

எனக்குப் புரிவதற்கு முன்னால் சேகருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலைக் காட்டினான். "வாய்க்கால் பாயுது, வடிகால் அடைச்சுக்கிச்சு. அப்படித்தானே டாக்டர்? அப்படி நின்னா மூணு நாள்ல பயிர் அழுகிடும்."

"அதேதான். புதுசா வடிகால் அதுவா உண்டாக அஞ்சு நாள் ஆகும். அது வரைக்கும் நாமதான் வெட்டி விடணும்."

நகத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை நனைத்த துணியை வைத்தார்கள். விரல் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில ஊர்களில் இதற்கு அட்டை விடுவார்களாம், ரத்தம் குடிக்கும் அட்டை.

"சொல்லவே இல்லையே" என்றான் சேகர். "நம்ம வயல்ல கிடக்கு, ஒரு டப்பா கொண்டாரவா? ஒண்ணு ரெண்டு உங்களுக்குச் சொந்தம்கூட, மாமா. போன வருஷம் வரப்புல நின்னப்ப ருசி பார்த்துச்சுல்ல."

நான் சிரித்தேன். சிரித்தால் விரல் கூடுதலாகச் சொட்டியது. துணி நனைந்தது, மாற்றினார்கள், நனைந்தது. மூன்றாம் நாள் உடம்பில் ரத்தம் குறைந்து, உதடு மரத்து, கட்டில் மெல்லத் தண்ணீரில் மிதப்பது போலத் தோன்ற ஆரம்பித்தது. சேகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். "இனிமே உங்களுக்கும் பாபநாசத்துப் புத்திதான்" என்றான்.

அன்று அவன் சாப்பிடப் போனபோது மங்கை துணியை மாற்றியபடியே சொன்னாள்: "மாலைய நான்தான் போட்டேன்."

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டியவன் நான், காதை அடைத்தவன் நான், சுவரில் எழுதியவனும் நான். எல்லாம் வாய்க்குள் இருந்தது. ஆனால் மயக்கமோ, அசதியோ, உள்ளே எங்கோ கிடந்த ஒரு அற்ப ஆறுதலோ, இரண்டு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு, "நீ என்ன பண்ணுவ, நான்தானே..." என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அந்த இரண்டு மூச்சை அவள் கேட்டுவிட்டாள். கணவனின் பேச்சைவிட மௌனத்தை நன்றாகக் கேட்பவள்.

ஆறாம் நாள் காலை ஊசி குத்தியபோது வந்த துளி நல்ல சிவப்பாக இருந்தது. சிஸ்டர் அதை வெளிச்சத்தில் காட்டி, "பாருங்க சார், செம்பருத்தி" என்றார். மழையும் விட்டிருந்தது. சேகர் வயலைப் பார்க்க ஊருக்கு ஓடினான்.

விரல் பிழைத்தது. இதோடு நிறுத்திவிட்டால் இது நல்ல செய்தியாக இருக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "விரலுக்கு உயிர் இருக்கு, உணர்ச்சி இல்ல. நரம்பு நல்லா வளர்ந்தாலே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். நுனி வரைக்கும் வர மாசக்கணக்காகும், வராமலும் போகலாம். அது வரைக்கும் சுடறதும் வெட்டறதும் அந்த விரலுக்குத் தெரியாது. மெஷின் பக்கம் போகவே கூடாது."

ஒரு காலை நான் பேப்பர் படித்துக்கொண்டு காப்பி டம்ளரைப் பிடித்திருந்தேன். மங்கை வந்து டம்ளரைத் தட்டிவிட்டாள். கட்டைவிரலில் ஒரு கொப்புளம், கண்ணாடி மாதிரி தண்ணீர் கோத்து. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை. விரல் என்னிடம் சொல்லவில்லை. உடம்பில் ஒட்டிக்கொண்டு, ரத்தமும் வாங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தது. அன்றிலிருந்து அதைப் பயத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆனாலும் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தை பிறந்தது. கல்யாணங்கள் வந்தன, படங்கள் சுவரோரம் சட்டமில்லாமல் அடுக்கிக் கிடந்தன, மெஷின் ஒரு பழைய வேட்டிக்கு அடியில் காத்துக்கொண்டிருந்தது. பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு நாள் போனேன். அங்கே இருந்த பெண் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய நைலான் இழையால் விரலில் தொட்டு, "தெரியுதா சார்?" என்பார். சில சமயம் தொடாமலே கேட்பார். அதுதான் சோதனை.

மூன்றாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெண் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். தொட வரும்போது வளையல் லேசாகச் சிணுங்கும். தொடாதபோது சிணுங்காது.

"தெரியுதா சார்?"

"தெரியுது."

"இப்போ?"

"இல்ல."

"சூப்பர் சார்! பத்துக்கு ஒன்பது."

ஒன்றை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. உணர்ச்சி நன்றாகத் திரும்புகிறது என்று நோட்டில் எழுதித் தந்தார். மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடையில் வேட்டியை விலக்கினேன். பிளேடைத் துடைத்தேன். மூடியை ஏற்றி இறக்கினேன், மூடியது. தடுப்பை மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். கடைசியாக பிளக்கைச் சொருகினேன். ஒரு தேக்குச் சட்டத்தை வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்தேன். ஒரு சாண் தள்ளித்தான். கட்டைவிரல் மரத்தின் மேல் இருக்கிறதா, விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மங்கை. "கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் மூடுவீங்களா?"

மூடினேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது. ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடி நின்றது. அவள் பக்கத்தில் வந்ததற்கோ போனதற்கோ ஒரு சத்தமும் இல்லை.

"தெரியுதா?"

ஏதோ தெரிந்த மாதிரித்தான் இருந்தது. லேசாக, ஓரத்தில். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

"தெரியுது. நகத்துப் பக்கம்."

"நான் தொடவே இல்லைங்க."

கண்ணைத் திறந்தேன். அவள் நாலடி தள்ளி நின்றிருந்தாள். வளையல் அத்தனையையும் கழற்றி மேசையில் வைத்திருந்தாள்.

"மறுபடி மூடுங்க."

மூடினேன். இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. அவள் மூச்சு பக்கத்தில் வந்தது போல இருந்தது, விலகியது போலவும் இருந்தது.

"இப்போ?"

"தெரியல, மங்கை" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியல."

கண்ணைத் திறந்தபோது அவள் என் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் நகம் என் சதையில் ஆழமாக இறங்கி, அந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தோம். திரும்பியது.

அவள் மேசைக்குக் கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.